இரண்டு முதல் எட்டு டிகிரி

ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில்
போம்பில் மீனுக்கும் நேற்றைய மாவுக்கும் இடையில்
ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி.
"கதவில் வைக்காதே. ஃப்ரீஸரில் வைக்கவே வைக்காதே.
உறைந்தால் செத்துப்போகும்" என்றாள் நர்ஸ்.
மருந்துக்கும் சாவு உண்டு என்று
அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

பார்க்கப் பேனா மாதிரி இருக்கிறது.
எழுதாது.

பதினோரு வருஷமாய் பெஸ்ட் பஸ்ஸில் கண்டக்டர்,
வடாலா டிப்போ.
முதல் வண்டி ஐந்து நாற்பதுக்கு.
வலி மூன்று மணிக்கே டியூட்டிக்கு வந்துவிடும்.
ஊர் விடிந்தாலும் விரல் விடியாது.
குழாயை இரண்டு மணிக்கட்டாலும் இடுக்கித் திறப்பேன்.
டிக்கெட் மெஷினை விரல் முட்டியால் அமுக்குவேன்.
சில்லறை நழுவி உருண்டால்
குனிந்து பொறுக்கித் தருவார்கள்,
ஜெபக்கனி குடித்திருக்கிறாளோ என்ற பார்வையோடு.

டாக்டர் கர்வே சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தார்.
வேலியே பயிரை மேயுது என்றேன்.
தமிழ் தெரியாது அவருக்கு.
மராத்தியில் சொன்னேன்.
அங்கேயும் அதே வேலி, அதே பயிர்.
சிரித்துவிட்டார்.

காவலுக்கு நிற்கும் செல்கள்
என் மூட்டின் மெல்லிய சவ்வைப் பார்த்து
வெளியாள் என்று நினைத்துவிட்டனவாம்.
சின்னதாய் ஒரு புரதம், கூச்சல் போடுவதுதான் அதற்கு வேலை:
ஆளை அனுப்பு, ஆளை அனுப்பு.
கூச்சல் ஓடிப்போய் அடுத்த செல்லின் சீட்டில் உட்காரும்.
அதுவும் கத்தத் தொடங்கும்.
(சீட் என்று டாக்டர் சொல்லவில்லை.
எனக்கு அப்படித்தான் புரிந்தது.)
கூட்டம் ஏற ஏற மூட்டு வீங்கும்.
எக்ஸ்ரேயில் என் எலும்பின் ஓரம்
எலி கொறித்த பிஸ்கட்.

ஊசிக்குள் இருப்பது கவட்டை.
ஒரு கால், இரண்டு கை.
ஃபுட்போர்டிலேயே கூச்சலைப் பிடித்துக்கொள்ளும்,
கைக்கு ஒன்றாக.
உள்ளே சீட் காலியாகக் கிடக்கும்.
நான் டிக்கெட் இல்லாதவனைப் பிடிப்பதுபோலத்தான்,
ஆனால் இது சத்தம் போடாது,
அபராதம் கேட்காது,
பிடித்தவனோடு சேர்ந்து தானும் இல்லாமல் போகும்.
அதனால்தான் பதினான்கு நாளுக்கொரு முறை
புது ஆட்கள்.

யார் செய்கிறார்கள் இதை?
வெள்ளெலியின் செல்கள்.
பெரிய எஃகு அண்டாவில், வேளைக்குச் சாப்பாடு, அளவாகச் சூடு.
அந்த எலி செத்து எத்தனையோ காலம்.
செல்கள் மட்டும் இன்னும் ஓவர்டைமில்.

அதற்கும் முன்னால் டி.பி. டெஸ்ட்.
காவலைக் கொஞ்சம் தூங்கவைத்தால்
ஒளிந்திருப்பது எழுந்துவிடுமாம்.
இத்தனை பேர் இருமலுக்கு நடுவே நின்றவளுக்கு
ஒளிந்திருக்காதா?
இருந்தது.
ஒரு மாதம் மாத்திரை விழுங்கிய பிறகுதான்
முதல் ஊசி.
இப்போதும் காய்ச்சல் என்றால் ஊசியைத் தள்ளிப்போட்டு
டாக்டருக்கு போன்.

ஜூலையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை.
பெட்டியை நெஞ்சோடு அணைத்து
முழங்கால் தண்ணீரில் நடந்தேன்
கோலிவாடாவில் வைஜயந்தியின் மீன் பெட்டிக்கு.
"என்னடி, தங்கமா?"
விலையைச் சொன்னேன்.
ஒன்றும் பேசாமல்
பாம்ப்ரெட்டை ஒதுக்கி இடம் பண்ணினாள்.
ஐஸ் நேராகப் படாமல்
தன் முந்தானைத் துண்டால் சுற்றினாள்.
அந்த வாசம் அட்டையை விட்டு இன்னும் போகவில்லை.

நாலாவது ஊசியா, ஐந்தாவதா.
மாட்டுங்கா பாலத்துக்கு முன்னால்
மணிக்கயிற்றை இழுத்தேன், இரண்டு முறை.
வண்டி நகர்ந்தது.
கண்ணாடியில் டிரைவர் காம்ப்ளேயின் கண்:
"இத்தனை நாள் வாயால்தானே ரைட் சொன்னாய்?"
அப்போதுதான் பார்த்தேன்
கயிற்றைச் சுற்றியிருந்த என் விரல்களை.

சுண்டுவிரல் மட்டும் வளைந்தது வளைந்ததுதான்.
அரித்த எலும்பு திரும்பி வராதாம்.

வியாழன் இரவு
அரைமணி முன்னால் பெட்டியை வெளியே எடுத்துவைக்க வேண்டும்.
குளிர்ந்த ஊசி
கூடுதலாகக் கடிக்கும்.